இருபத்தொரு அங்குலம்

ஹான்காக், மிச்சிகன்
மே 6

அன்புள்ள சைமிக்கு,

ஆணி ஒன்றை நேராக அடிக்கத் தெரியாத ஒருத்தி, ஐம்பதை நெருங்கும் வயதில், கடின மரத்தில் மேசை செய்ய ஏன் கிளம்பினாள்? நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மர அறுவை ஆலைக்குப் போனேன். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீருக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த பரிசோதனையின் முடிவைக் கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது காரின் பின்பக்கம் மேப்பிள் பலகைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆலைக்காரி லோர்னா என்னை நம்பவே இல்லை.

"மொத மேசையா?"

"ஆமா."

"அப்ப பைன் எடுத்துக்கோ. மேப்பிள் கல்லு மாதிரி. ரம்பத்தையும் கொல்லும், உன்னையும் கொல்லும்."

"மேப்பிள்தான் வேணும்."

"ஏன்?"

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

என் சோபாவுக்கு முன்னால் மேசை இல்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு வந்தபோது பழைய ஆய்விதழ்க் கட்டின் மேல் கோப்பையை வைத்துவிட்டு, "இது வீடா, ஆபீஸ் குடோனா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லி இரண்டு தடவையும் கடைசி வாரத்தில் நிறுத்தினாய். இந்த வருடம் வா. அதற்குள் கோப்பை வைக்க ஓர் இடம் இருக்கும்.

போனில் நான் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறேன் என்று நீ சொன்னதால்தான் கடிதம் எழுதுகிறோம். ஆகவே விசாரிக்கவில்லை. எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுது. 'எல்லாரும் சௌக்கியம்' என்று ஒரே வரியில் மூடிவிடாதே.

அன்புடன்,
ஹில்மா


டூசான், அரிசோனா
மே 24

ஹில்மா,

எல்லாரும் சௌக்கியம். மூடிட்டேன் பாத்தியா!

உன்ன மாதிரி எழுத எனக்கு வராது, பேசற மாதிரியே எழுதறேன். உன் லெட்டர எஃப்ரேனுக்குப் படிச்சுக் காட்டினேன். என் புருஷன் சொல்றான், "உங்க அக்கா மேசை செஞ்சா அதுக்கு முன்னாடி அதப் பத்தி அறிக்கை எழுதுவாங்க"ன்னு. மக டெலியாவுக்கு ஃபீனிக்ஸ்ல வேலை கெடச்சிருச்சு. இங்க இப்பவே வெயில் மண்டையப் பொளக்குது.

வருவேன்னு சொல்லல. வர மாட்டேன்னும் சொல்லல. ஆனா செய்யறதுதான் செய்யற, கொஞ்சம் ஒசரமா செய். காப்பி மேசைங்க எல்லாம் எதுக்கு இவ்வளவு குட்டையா இருக்குன்னு எனக்குப் புரியறதே இல்ல. இருபத்தொரு அங்குலம் வை.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல காப்பி வேணுமான்னு மூணு தடவை கேக்கணும், ரெண்டு தடவை வேணாம்னு சொல்லணும், மூணாவது தடவை சரி கொஞ்சம்னு வாங்கிக்கணும். நீ ஒரு தடவைகூடக் கேக்க மாட்ட. நேரா ஊத்திருவ. சர்க்கரையையும் நீயே போட்டுக் கலக்கிருவ. மேசை செஞ்சா மட்டும் போதாது, அதையும் பழகு.

முத்தங்களோட,
சைமி


ஹான்காக்
ஜூன் 17

அன்புள்ள சைமிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, விரல்களைத் தவிர. டெலியாவின் வேலைக்கு என் வாழ்த்தைச் சொல்.

லோர்னா சொன்னது சரி. மேப்பிள் ரம்பத்தில் கருகுகிறது. கொஞ்சம் மெதுவாகத் தள்ளினால் வெட்டிய விளிம்பு பழுப்பாகி, அடிப்பிடித்த பால் வாசனை அடிக்கிறது. வேகமாகத் தள்ளினால் கோணுகிறது. ஒரு பலகையை இழைத்துச் சமமாக்க இரண்டு வார இறுதிகள் போயின. ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் டார்சி என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, "தண்ணில செம்பு எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கிறவளுக்கு ரம்பம் எங்க இருக்குன்னு தெரியலையா?" என்றாள். நான்கு நாள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

உன் இருபத்தொரு அங்குலத்துக்கு வருகிறேன். நான் பார்த்த எல்லாக் காப்பி மேசைகளும் பதினாறிலிருந்து பதினெட்டு. சோபாவின் இருக்கை பதினேழு. நீ சொல்கிற உயரத்தில் வைத்தால் கோப்பை முழங்காலுக்கு மேலே நிற்கும், பார்ப்பதற்குத் தபால் நிலையக் கவுண்டர் போல இருக்கும். ஏன் இருபத்தொன்று? இருபது இல்லை, இருபத்திரண்டு இல்லை. இருபத்தொன்று என்று அளந்து சொன்னது போலச் சொல்கிறாய். விசாரணை இல்லை. தெரிந்துகொள்ள ஆசை.

மேசைக் கால்களை இன்னும் நறுக்கவில்லை. உன் பதிலுக்காக நீளமாகவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஹில்மா


டூசான்
ஜூலை 30

ஹில்மா,

பதில் லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கோ. வேலை, வெயில், அது இது.

குனிய சோம்பேறித்தனம், அவ்வளவுதான். இதுக்குப் போய் ஒரு பக்கம் எழுதியிருக்க. இருபத்தொண்ணே வை.

அப்புறம் மூலை எல்லாத்தையும் உருட்டி விட்டுரு. கூர்மையா விடாத. கால் தடியா இருக்கட்டும், நல்ல கனமா. ஃபேஷனுக்குக் குச்சிக் கால் வெச்சு செய்றாங்களே, அந்த மாதிரி செஞ்சா உன் வீட்டுப் பக்கமே வர மாட்டேன்.

நேத்து இங்க மழை பெஞ்சது, தெருவே ஆறாப் போச்சு. எஃப்ரேன் நாற்காலியத் தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டான், உக்காந்து வேடிக்கை பாத்தோம். நீ இருந்திருந்தா அந்தத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிருப்ப.

சைமி


ஹான்காக்
ஆகஸ்ட் 19

அன்புள்ள சைமிக்கு,

நலம். ஏரியிலிருந்து ஒரு வாரமாக மூடுபனி. துவைத்த துணி காயவில்லை, உப்பு கட்டியாகிவிட்டது. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மேற்பலகைகளைப் பசை போட்டு ஒட்டினேன். பலகைகளை இறுக்கிப் பிடிக்க வீட்டில் இருந்த கிளாம்ப் போதாமல் டார்சியின் கணவருடையதையும் கடன் வாங்கினேன்.

மூலைகளை உருட்டிவிட்டேன். கால்கள் தடிமன். உயரம் நீ கேட்டது. நேற்று மேற்பலகையைச் சட்டத்தின் மேல் வைத்து, சுற்றிலும் அடியிலிருந்து திருகுகளை முறுக்கினேன். மணிக்கட்டு வலிக்கும் வரை முறுக்கினேன். இனி அது எங்கும் அசையாது. எண்ணெய் பூசியதும் தேன் நிறம் வந்தது. சொன்னால் சிரிப்பாய், விளக்கை அணைத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து போட்டுப் பார்த்தேன்.

இப்போது என் ஊகம். கூர்மையில்லாத மூலை, எளிதில் கவிழாத கனம். வீட்டில் ஒரு சிறு குழந்தை தத்தித் தத்தி நடக்கப் போகிறது என்றால் இப்படித்தான் மேசை கேட்பார்கள். டெலியாவா? என்றால் சந்தோஷம். ஆனால் ஊகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. குழந்தைக்காக என்றால் உயரம் குறைய வேண்டும், கூடக் கூடாது.

அன்புடன்,
ஹில்மா


டூசான்
செப்டம்பர் 4
(கள்ளிச்செடிப் படம் போட்ட தபால் அட்டை)

ஹில்மா, டெலியா இதப் படிச்சா உன்னக் கொன்னே போட்ருவா! குழந்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. துப்பறியறத விட்டுட்டு ஒண்ணு சொல்லு: ஒரு பக்கமா ரெண்டு கையையும் நல்லா ஊணி அழுத்தினா மேசை சாயுமா, சாயாதா? சைமி.


ஹான்காக்
அக்டோபர் 14

அன்புள்ள சைமிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்ப விரும்புகிறேன். இலைகள் உதிர்ந்துவிட்டன, அடுப்பைப் பற்ற வைத்தாகிவிட்டது.

சாயாது. உன் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

ஆய்வுக்கூட ஓய்வறையில் ஒரு காப்பி மேசை இருக்கிறது, உயரம் பதினேழு. மதிய இடைவேளையில் அதன் முன்னால் சோபாவில் உட்கார்ந்தேன். கால்களுக்குக் கொஞ்சமும் வேலை கொடுக்காமல், கைகளால் மட்டும் மேசையை ஊன்றி எழ முயன்றேன். முடியவில்லை. உடம்பு முன்னால் கவிழ்கிறது, தோள் பூட்டிக்கொள்கிறது. மறுபடி முயன்றேன். டார்சி வந்துவிட்டாள்.

"என்ன பண்ற?"

"எழுந்திரிக்கிறேன்."

"அதுக்கு இவ்வளவு நேரமா? வயசாயிருச்சுடி உனக்கு."

வீட்டுக்கு வந்து என் மேசையில் அதையே செய்தேன். இருபத்தொன்றில் முடிகிறது. முழங்கை சரியான கோணத்தில் மடிகிறது, எடை கைக்கு வருகிறது, இடுப்பு தானாகத் தூக்குகிறது. முதல் தடவை பாதியில் நின்றேன், பிறகு வந்துவிட்டது. மறுநாள் டார்சியை வரவழைத்து மேசையின் ஓர் ஓரத்தில் உட்காரச் சொன்னேன். அவள் லேசான ஆள் இல்லை. மேசை அசையவில்லை.

இந்தச் சோதனையை ஏன் செய்தேன் என்று எழுதப் போவதில்லை. முடிவை மட்டும் எழுதுகிறேன். உன் உயரம் சரி, என் உயரம் தப்பு.

கிறிஸ்துமஸ் முடிந்து வந்தால் விமானத்தில் கூட்டம் குறையும். வரும் தேதியை எழுது.

அன்புடன்,
ஹில்மா


ஹான்காக்
நவம்பர் 11

அன்புள்ள எஃப்ரேனுக்கு,

உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுவே முதல் தடவை. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. மான் வேட்டைக்காலம் தொடங்கப்போவதால் தெருவில் ஆண்கள் எல்லாரும் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்டோபரில் எழுதிய கடிதத்துக்குச் சைமியிடமிருந்து பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கலாம். தொலையவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அவள் கால்களுக்கு என்ன?

ஹில்மா


டூசான்
நவம்பர் 21

அன்புள்ள ஹில்மா,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். முழுக்க உண்மை இல்லை, முழுக்கப் பொய்யும் இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கால்கள் இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை அவள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். போன இரண்டு வருடமும் அவள் வராததற்கு, அவள் சொன்னது போல விமானமும் என் வேலையும் காரணம் இல்லை.

உங்கள் கடிதம் தொலையவில்லை. படித்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "அவ கண்டுபிடிச்சிட்டா, ஆனா கேக்கல" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. காலையில் அதை ஊன்றித்தான் எழுகிறாள். அதன் உயரம் இருபத்தொரு அங்குலம்.

அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க அக்கா முன்னாடி நானே உக்காந்து, நானே எந்திரிச்சு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டேன்னா போதும். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிருவேன். அவ வந்து என்னத் தூக்கிவிட்டான்னு வெய்யி, அன்னிக்கே திரும்பி வந்துருவேன். அப்புறம் காலம் பூரா அவ தூக்கற ஆளு, நான் தூக்கவேண்டிய ஆளு."

ஆகவே ஓர் உதவி. அவள் எழும்போது கை கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும். எனக்குப் பழக ஒரு வருடம் ஆனது.

மரியாதையுடன்,
எஃப்ரேன்


ஹான்காக்
டிசம்பர் 9

அன்புள்ள சைமிக்கு,

நான் நலம். மேசை நலமில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வேட்டைத் துப்பாக்கி வெடித்தது போல வீட்டுக்குள் ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டு ஏதோ செய்கிறான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மேற்பலகை நீளவாக்கில் பிளந்திருக்கிறது. விரிசலில் காசை நிறுத்தி வைக்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டது. மூடுபனியில், மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருந்த வாரத்தில், நான் அதை அசைய முடியாதபடி முறுக்கினேன். இப்போது வெளியே கடும் குளிர், உள்ளே இரவும் பகலும் அடுப்பு. மரம் காய்ந்து சுருங்கப் பார்த்திருக்கிறது. சுருங்க இடம் இல்லை. பிளந்துவிட்டது. லோர்னாவிடம் போனில் சொன்னேன். "ஆகஸ்ட்ல செஞ்சு திருக இறுக்கினியா?" என்று கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தாள். இந்த ஊரில் முதல் மேசை செய்கிற எல்லாரும் இதையே செய்வார்களாம். இருபத்தைந்து வருடமாகத் தண்ணீரை அளப்பது என் பிழைப்பு. மரத்துக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது என்பது தோன்றவில்லை.

திருகுகளைக் கழற்றி, துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக்கி, மறுபடி மாட்டினேன். இப்போது மரம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் நகரலாம். டார்சி மறுபடி ஓரத்தில் உட்கார்ந்தாள். தாங்குகிறது. ஆனால் முனகுகிறது, முன்பு முனகவில்லை. கடையில் வேறு வாங்கலாம் என்று பார்த்தேன். எல்லாம் பதினேழு.

நடந்ததை மறைக்கக் கூடாது என்பதால் எழுதினேன். நீ வருவதையும் வராததையும் இதை வைத்து முடிவு செய்யாதே.

அன்புடன்,
ஹில்மா


டூசான்
டிசம்பர் 16

ஹில்மா,

விரிசல் இருக்கட்டும். பசை கிசை வெச்சு அடைக்காத. இருபத்தேழாம் தேதி மதியம் வர்றேன். தனியாத்தான். டிக்கெட் போட்டாச்சு, இந்தத் தடவை பணத்தத் திருப்பித் தராத டிக்கெட்டா எடுத்திருக்கேன், எனக்கே என் மேல நம்பிக்கை இல்லாம.

ஏலக்காய் ரொட்டி செஞ்சு வை.

சைமி


ஹான்காக்
டிசம்பர் 27

அன்புள்ள எஃப்ரேனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், வாய் இளைக்கவில்லை.

விமான நிலையத்தில் ஊன்றுகோலோடு நடந்து வந்தாள். நான் கோலைப் பார்த்ததை அவள் பார்த்தாள். "பாதை வழுக்குது, கோல் இருக்கறது நல்லது" என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டேன். பெட்டி கை இல்லை என்பதால் அது உங்கள் நிபந்தனையில் அடங்காது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவள் சோபா பக்கம் போகவில்லை. சமையலறையில் இருக்கும் உயரமான முக்காலியிலேயே இருந்தாள். அங்கிருந்தே கழுத்தை நீட்டி மேசையைப் பார்த்து, "பெருசாத்தான் செஞ்சிருக்க" என்றாள். சாப்பிட்டதும், அசதியாக இருக்கிறது, நாளைக்கு உட்காரலாம் என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டாள். அவளுக்குக் கீழ் அறை.

நாளைக் காலை காப்பி. மேசை தாங்கும் என்று எழுத ஆசைதான். டார்சியைத் தாங்கியது. ஆனால் உட்காருகிறவரின் எடை வேறு, எழுகிறவரின் எடை வேறு, அதை அக்டோபரில் நானே உணர்ந்தேன். நான் சும்மா உட்கார்ந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

டிசம்பர் 28

இன்று காலை நடந்தது இது.

சைமி வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கடைசிச் சாண் தூரம் உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி. நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். ரொட்டி மேசைமேல் இருந்தது. காப்பி சமையலறையில், அடுப்பின் மேல். விரிசலை நகத்தால் நீவிக்கொண்டே, "மரத்தையும் விசாரிச்சியா, இப்படி வெடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். எழவில்லை.

"காப்பி வாசனை வருது," என்றாள்.

"ஆமா."

"வேணுமான்னு கேக்க மாட்டியா?"

"அடுப்பு மேலதான் இருக்கு. போய் எடுத்துக்கோ. எனக்கும் ஒண்ணு கொண்டா."

"நாலு ஊரு தாண்டி வந்திருக்கேன். விருந்தாளிய வேலை வாங்குறியா?"

"மேசை செஞ்ச கை. வலிக்குது."

நீங்கள் எனக்கு எழுதியது அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வசவு உதிர்த்தாள். அதை இங்கே எழுதவில்லை.

இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றினாள். பாதி எழுந்து, பின்னால் விழுந்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெருவில் பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் விளக்குகளை மட்டும் பார்த்தேன். மறுபடி மேசை முனகியது, முன்பைவிட நீளமாக. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். முனகல் நின்றது. கோலின் சத்தம் சமையலறை நோக்கிப் போனது.

"சர்க்கரைய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க?"

"இடது பக்கம், மேல் தட்டு."

ஒரு கையில் கோல் இருந்ததால் ஒவ்வொரு கோப்பையாகத்தான் கொண்டுவர முடிந்தது. முதல் கோப்பையை என் முன்னால் வைத்தாள். வழியில் சிந்தியது போகப் பாதி இருந்தது. அவளுடையதை எடுக்கத் திரும்பிப் போனாள். நான் துடைக்கத் துணி எடுக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து, குடித்து, அந்த நோயின் பெயரைச் சொன்னாள். எத்தனை நாளாக, எந்தக் கால் முதலில், மருத்துவர் என்ன சொல்கிறார், எல்லாம் சொன்னாள். என்னிடம் கேள்விகள் நிறைய இருந்தன. ஒன்றைத்தான் கேட்டேன்.

"இன்னொரு காப்பி வேணுமா?"

"வேணாம்."

"வேணுமா?"

"வேணாம்னு சொல்றேன்ல."

"வேணுமா, சைமி?"

காலிக் கோப்பையை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாள்.

"சரி, கொஞ்சம். நீயே ஊத்திக் கொண்டா."

எழுந்து போய் ஊற்றிக் கொண்டுவந்தேன்.

ஹில்மா